அக்ரீ வித், அக்ரீ டு, அக்ரீ ஆன்: எந்த இடத்தில் எது?

எதிர்த்தரப்பு ஒரு திட்டத்தை மெயிலில் அனுப்பியிருக்கிறது, உங்களுக்கும் அது சரியாகத்தான் படுகிறது, பதில் எழுத உட்காருகிறீர்கள். ‘ஐ அக்ரீ’ வரைக்கும் தடையில்லாமல் வந்துவிடும். அடுத்த சொல் வித்தா, டுவா? பலருக்கும் கை நிற்பது இங்கேதான். ‘ஐ அக்ரீ வித் த பிளான்’, ‘ஐ அக்ரீ டு த பிளான்’ இரண்டுமே பிழையில்லாத ஆங்கிலம், எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் இரண்டையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், ஆனால் படிக்கிறவர் அப்படி விடமாட்டார். முதல் வாக்கியத்தைப் படித்தால் ‘இவருக்குத் திட்டம் பிடித்திருக்கிறது’ என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதைப் படித்தால் ‘சரி, சம்மதம் வந்துவிட்டது, வேலையை ஆரம்பிக்கலாம்’ என்று எடுத்துக்கொள்வார்.

ஆளுக்கு வித், யோசனைக்கு டு, விஷயத்துக்கு ஆன் என்று ஒரு சூத்திரம் வகுப்புகளில் சொல்லித்தரப்படுவது உண்டு. மனப்பாடம் செய்ய வசதியானது. ஆனால் மேலே சொன்ன மெயிலில் அது கைகொடுக்காது, ஏனென்றால் திட்டம் என்ற ஒரே சொல்லுக்கு முன்னால் மூன்றும் வரும் (மூன்றாவது ‘வி அக்ரீட் ஆன் எ பிளான்’, அதாவது பலரும் பேசி ஒரு திட்டத்துக்கு வந்தோம்). அதனால் பின்னால் வரும் சொல்லைப் பார்த்து ப்ரிபொசிஷனை (வித், டு, ஆன் போன்ற இணைப்புச் சொல்லை)த் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, நாம் என்ன செய்கிறோம் என்பதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது என்பது என் கருத்து.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி: நீங்கள் சொல்ல வருவது கருத்தா, சம்மதமா, கூடிப் பேசி எடுத்த முடிவா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, அந்த வாக்கியத்தை அனுப்பிய பிறகு உங்கள் தலையில் ஏதாவது பொறுப்பு விழுகிறதா? அப்புறம், அந்தச் செயலுக்கு எத்தனை பேர் வேண்டும்? ஒருவர் தனியாகச் செய்யக்கூடியதா, இரண்டு பேராவது இருந்தால்தான் நடக்குமா? கடைசியாக வேண்டுமானால் பின்னால் வருவது ஆளா, பொருளா, வினையா என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வியே நமக்குக் குழப்பமாக இருக்கக் காரணம், தமிழில் எல்லாவற்றுக்கும் ‘ஒத்துக்கொள்’ என்ற ஒரே வினையைப் போட்டு ஓட்டிவிடுகிறோம். நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன், வர்றதுக்கு ஒத்துக்கிட்டான், தப்பை ஒத்துக்கிட்டான், இந்த மருந்து எனக்கு ஒத்துக்காது. எழுதுவதற்கு முன் மனதுக்குள் அந்த வினையை மாற்றிப் பாருங்கள். ‘உடன்படுகிறேன்’ பொருந்தினால் வித். ‘சம்மதிக்கிறேன்’ பொருந்தினால் டு. ‘பேசி முடித்தோம்’ பொருந்தினால் ஆன். வேற்றுமை உருபும் துணைக்கு வரும்: கருத்தோடு உடன்படுகிறோம், திட்டத்துக்குச் சம்மதிக்கிறோம். பெரும்பாலான வாக்கியங்கள் இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும், மிச்சம் இருப்பவைதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியவை.

## அக்ரீ வித்

இது கருத்துக்கானது. ஆளோடும் வரும், அவர் சொன்னதோடும் வரும், அவர் எடுத்த முடிவோடும் வரும்: ‘ஐ அக்ரீ வித் யூ’, ‘ஐ அக்ரீ வித் வாட் யூ செட்’, ‘ஐ அக்ரீ வித் ஹர் டிசிஷன்’. யாரோடு உடன்படுகிறோமோ அந்த ஆளைக் குறிக்கும் சொல் நேராகப் பின்னால் வந்தால் வித் மட்டும்தான், ‘அக்ரீ டு யூ’ என்பது கிடையாது. ஒரு பழக்கத்தையோ கொள்கையையோ ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று சொல்லவும் இதுவே: ‘ஐ டோன்ட் அக்ரீ வித் ஹன்டிங்’ என்றால் வேட்டையாடுவது சரி என்று நான் நினைக்கவில்லை.

கருத்து என்பது இருந்துகொண்டே இருக்கும் நிலை என்பதால் சாதாரண நிகழ்காலமே போதும். ‘ஐ ஆம் அக்ரீயிங் வித் யூ’ என்று நாம் எழுதிவிடுவதற்குக் காரணம் ‘உடன்படுகிறேன்’ என்ற ஒரே வடிவம் தமிழில் இரண்டு வேலையையும் செய்வதுதான். ‘ஐ ஆம் அக்ரீ’ என்பது இன்னும் மோசம், அக்ரீ தானே வினை, அதற்கு ‘ஆம்’ தேவையே இல்லை.

இதன் மறைமுக விலை என்னவென்றால், வித் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. அது எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து லாபமாகவும் நஷ்டமாகவும் ஆகும். நீங்கள் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறீர்கள், மேலதிகாரி ‘ஐ அக்ரீ வித் யுவர் ப்ரொபோசல்’ என்று பதில் போடுகிறார். அவர் யோசனை நல்லது என்றுதான் சொல்லியிருக்கிறார், செய்யச் சொல்லவில்லை. பல அலுவலகங்களில் இதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள், பிறகு ‘நான் எப்போது ஒப்புதல் கொடுத்தேன்?’ என்ற கேள்வி வரும்போது கையில் காட்ட எதுவும் இருக்காது. இன்னொரு வரி எழுதி, தொடங்கலாமா என்று கேட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. மாறாக, ஒரு யோசனைக்கு ஆதரவு தெரிவிக்க வேண்டும் ஆனால் வாக்கு கொடுக்கக்கூடாது என்றால் மூன்றிலும் வித்தான் பத்திரமான தேர்வு.

கருத்துக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைகளும் வித்துக்கு உண்டு. ஒன்று பொருந்திப்போவது: ‘த ஃபிகர்ஸ் அக்ரீ வித் த ரிப்போர்ட்’, கணக்கும் அறிக்கையும் ஒத்துப்போகின்றன. எழுவாயும் வினையும் ஒத்துவர வேண்டும் என்று இலக்கணத்தில் சொல்கிறோமே, அதற்கும் இதே வித்தான். மற்றொன்று உடம்புக்கு ஒத்துக்கொள்வது: ‘திஸ் கிளைமேட் டஸ்ன்ட் அக்ரீ வித் மீ’. இங்கே யார் எழுவாய் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் ‘எனக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது’ என்று நம்மை முன்னால் வைத்துத் தொடங்குகிறோம், ஆங்கிலத்தில் மருந்துதான் எழுவாய். அதைத் திருப்பி ‘ஐ டோன்ட் அக்ரீ வித் திஸ் மெடிசின்’ என்று எழுதினால், அந்த மருந்தைக் கொடுப்பதே தவறு என்று வாதாடுவதாக ஆகிவிடும்.

## அக்ரீ டு

இணையத்தில் எதில் பதிவு செய்தாலும் ஒரு கட்டத்தை டிக் செய்யச் சொல்கிறார்களே, அதில் ‘ஐ அக்ரீ டு த டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ என்று இருக்கும். வித் என்று எழுதியிருக்க மாட்டார்கள். அந்த விதிமுறைகளைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்பது அவர்களுக்கு வேண்டியதில்லை, அதற்கு நீங்கள் கட்டுப்படுவீர்களா என்பதுதான் வேண்டும். டுவின் குணம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பிடிக்காமலேயே சம்மதிக்கலாம் என்பதால் ‘ஐ டோன்ட் அக்ரீ வித் இட், பட் ஐ அக்ரீட் டு இட்’ என்று ஒருவர் சொன்னால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை. இந்த ஒரு வாக்கியம் பிடிபட்டால் வித், டு குழப்பம் ஏறக்குறைய முடிந்துவிடும்.

பின்னால் வருபவை ப்ரொபோசல், ரிக்வெஸ்ட், டிமாண்ட், சேஞ்சஸ் போன்ற, யாரோ நம் முன் வைத்த விஷயங்கள். இதோடு வினையும் வரும்: ‘ஷி அக்ரீட் டு பே’. பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு டு. ‘அக்ரீட் டு த பேமென்ட்’ என்பதில் இருப்பது ப்ரிபொசிஷன், ‘அக்ரீட் டு பே’ என்பதில் இருப்பது இன்ஃபினிடிவ், அதாவது வினையின் அடிவடிவத்தோடு சேர்ந்து வருகிற டு. ‘லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதைக் கஷ்டப்பட்டுப் பழகியவர்கள், டு வந்தாலே ‘இங்’ போட வேண்டும் என்று நினைத்து ‘அக்ரீட் டு பேயிங்’ என்று எழுதிவிடுகிறார்கள். செய்யப்போவது சம்மதித்தவரே என்றால் அடிவடிவம்தான். செய்யப்போவது வேறு ஆள் என்றால் மட்டும் ‘ஷி அக்ரீட் டு தெம் யூஸிங் ஹர் ஃபோட்டோ’ என்ற மாதிரி வரும், அதைக்கூட ‘அக்ரீட் டு லெட் தெம் யூஸ்’ என்று மாற்றினால் இன்னும் இயல்பாக இருக்கும்.

டுவின் விலை வெளிப்படையானது: கட்டுப்படுகிறீர்கள். ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போது ‘வி அக்ரீ டு தீஸ் சேஞ்சஸ்’ என்று ஒரு மெயில் போய்விட்டால், எதிர்த்தரப்பு அதைச் சம்மதமாகவே பதிவு செய்துகொள்ளும், அப்படிச் செய்ய அவர்களுக்கு நியாயமும் உண்டு. இன்னும் விவரங்கள் பேச வேண்டியிருந்தால் ‘வி அக்ரீ இன் ப்ரின்சிபிள்’ என்று எழுதுங்கள். அடிப்படையில் சரி, மிச்சத்தைப் பேசித்தான் முடிவு என்பது அதன் பொருள்.

பலர் கவனிக்காத இன்னொரு விலையும் உண்டு. ‘ஐ அக்ரீட் டு ஹெல்ப்’ என்றால் யாரோ கேட்டார்கள், நான் சரி என்றேன் என்று அர்த்தம் ஆகிறது. யாரும் கேட்காமல் நீங்களாகவே முன்வந்திருந்தால் ‘ஐ ஆஃபர்ட் டு ஹெல்ப்’ என்பதுதான் உங்கள் செயலுக்குப் பொருத்தமான சொல். வேலைக்கான விண்ணப்பத்தில், பரிந்துரைக் கடிதத்தில் இது உண்மையிலேயே முக்கியம். முன்வந்து ஒரு பொறுப்பை எடுத்தவரைப் பற்றி ‘அக்ரீட் டு’ என்று எழுதினால், சொன்னதற்காகச் செய்தவர் போல அவர் தோன்றுவார்.

டுவைச் சுற்றித்தான் தமிழர்களின் தவறுகள் அதிகம் குவிகின்றன, அதனால் அவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஹி அக்செப்டட் டு கம்’ தவறு, வருவதற்குச் சம்மதித்தார் என்றால் ‘அக்ரீட் டு கம்’. அழைப்பு என்ற பெயர்ச்சொல் வந்தால் தலைகீழ், அங்கே ‘அக்செப்டட் த இன்விடேஷன்’. ‘ஹி டிஸ்அக்ரீட் டு கம்’ என்பதும் இல்லை. அக்ரீக்கு டு உண்டு என்பதற்காக அதன் எதிர்ச்சொல்லுக்கும் உண்டு என்று ஆகிவிடாது, டிஸ்அக்ரீ கருத்து வேறுபாட்டுக்கு வரும், சம்மதிக்க மறுப்பதற்கு வராது. வர மறுத்தார் என்றால் ‘ரெஃப்யூஸ்ட் டு கம்’, மென்மையாகச் சொல்ல ‘டிக்ளைன்ட்’. ‘ஹி அக்ரீட் ஹிஸ் மிஸ்டேக்’ என்று எழுதுவது ‘தப்பை ஒத்துக்கிட்டான்’ என்பதன் நேர் நிழல், அதற்கு அட்மிட் என்று தனி வினை இருக்கிறது.

## அக்ரீ ஆன்

இதற்கு ஆள் சேர வேண்டும். ‘வி அக்ரீட் ஆன் எ டேட்’, ‘போத் சைட்ஸ் அக்ரீட் ஆன் எ ஸீஸ்ஃபயர்’. அதுவரை முடிவாகாமல் இருந்த ஒன்று, இரண்டு தரப்பும் பேசியதால் முடிவாயிற்று. எழுவாய் ஒருமையாக இருந்தால் வாக்கியம் நொண்டும்: ‘ஐ அக்ரீட் ஆன் எ டேட்’ என்று நிறுத்தினால் யாரோடு என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும். ‘ஐ அக்ரீ வித் யூ ஆன் திஸ்’ என்று ஆளையும் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும், இங்கே இரண்டு ப்ரிபொசிஷனும் ஆளுக்கொரு வேலை செய்கின்றன. ‘வி அக்ரீட் வித் த கிளையன்ட் ஆன் எ டேட்’ என்று வரும்போதும் வித் கருத்தைச் சொல்லவில்லை, பேச்சில் எதிரே இருந்தவர் யார் என்பதைச் சொல்கிறது.

இந்த இடத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் பிரிகின்றன. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், முக்கியமாக அலுவலக எழுத்தில், ஆனை எடுத்துவிட்டு ‘வி அக்ரீட் எ ப்ரைஸ்’, ‘த டேட் ஹாஸ் பீன் அக்ரீட்’ என்று எழுதுவது வழக்கம். அமெரிக்கர்களுக்கு அது ஒரு சொல் விடுபட்ட வாக்கியமாகத் தெரியும். யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாவிட்டால் ஆன் போட்டுவிடுங்கள், இரண்டு பக்கத்திலும் அது செல்லும். அப்பான் என்பது அதன் விறைப்பான வடிவம், ஒப்பந்தங்களில் ‘அக்ரீட் அப்பான்’ என்று பார்க்கலாம், சாதாரண மெயிலுக்கு வேண்டாம். அபவுட் போட்டால் பொருள் கொஞ்சம் நகரும்: ‘வி அக்ரீ அபவுட் பாலிடிக்ஸ்’ என்றால் அரசியலில் எங்கள் எண்ணம் ஒன்று, ஆனால் தேதியையோ விலையையோ முடிவு செய்ததைச் சொல்ல அபவுட் உதவாது.

ஆனின் மறைமுக விலை பெரியது என்று நினைக்கிறேன். எந்த விஷயத்தில் முடிவு வந்தது என்பதை அது சொல்லும், என்ன முடிவு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடும். கூட்டக் குறிப்பில் ‘வி அக்ரீட் ஆன் த பட்ஜெட்’ என்று ஒருவர் எழுதுகிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஆளுக்கொரு தொகையை மனதில் வைத்திருக்கிறார்கள். குறிப்பு எழுதுகிறவர் அந்த இடத்தில் ‘அக்ரீட் தட்’ என்று தொடங்கினால் முழு வாக்கியம் ஒன்றை எழுதியே ஆக வேண்டும், எவ்வளவு, எப்போது, யார் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். சுருக்கமாகப் பேச ஆன் வசதி, பதிவுக்கு தட் மேல்.

ஒரு விதிவிலக்கு. கூடி எடுத்த முடிவு ஒரு செயலாக இருந்தால் டு இந்தப் பக்கமும் வந்துவிடும்: ‘வி அக்ரீட் டு மீட் அட் ஃபைவ்’. யாரும் யாருக்கும் இணங்கிப்போகவில்லை, சேர்ந்தே முடிவு செய்தார்கள், ஆனாலும் ‘அக்ரீட் ஆன் மீட்டிங்’ என்பதைவிட இதுதான் காதுக்கு இயல்பு. இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால்:

| | வித் | டு | ஆன் |
|---|---|---|---|
| என்ன நடக்கிறது | கருத்து ஒத்துப்போகிறது | சம்மதம் தரப்படுகிறது | முடிவு எட்டப்படுகிறது |
| பொறுப்பு வருமா | வராது | வரும் | எல்லாத் தரப்புக்கும் வரும் |
| எத்தனை பேர் | ஒருவர் போதும் | ஒருவர் போதும், ஆனால் கேட்டவர் ஒருவர் இருப்பார் | குறைந்தது இருவர் |
| யாரோடு உடன்படுகிறோமோ அந்த ஆள் நேராகப் பின்னால் வரலாமா | வரலாம் | கூடாது | கூடாது |
| எங்கே கவனம் வேண்டும் | அனுமதி போலத் தோன்றும், அனுமதி ஆகாது | தயங்கிக்கொண்டே போனாலும் கட்டுப்படுத்தும் | என்ன முடிவு என்பதை மறைத்துவிடும் |

## சூழ்நிலையைப் பொறுத்து

தேர்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் முதலில். ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளில் ‘டு வாட் எக்ஸ்டென்ட் டு யூ அக்ரீ ஆர் டிஸ்அக்ரீ?’ என்று கேட்பார்கள். அதன் தொடக்கத்தில் இருக்கும் டு ‘எந்த அளவுக்கு’ என்பதற்கானது, அதைப் பார்த்துவிட்டு ‘ஐ அக்ரீ டு திஸ் ஸ்டேட்மென்ட்’ என்று எழுதக்கூடாது. கேட்பது உங்கள் கருத்து, எனவே ‘ஐ அக்ரீ வித் திஸ் வியூ’ அல்லது ‘ஐ அக்ரீ தட்’ என்று முழு வாக்கியம். ‘ஐ அக்ரீ டு எ செர்ட்டன் எக்ஸ்டென்ட்’ என்பது சரியான ஆங்கிலமே, ஏனென்றால் அங்கேயும் டு அளவைத்தான் சொல்கிறது.

உரையாடலில் ‘ஐ குடின்ட் அக்ரீ மோர்’ என்று யாராவது சொன்னால் வருத்தப்பட வேண்டாம். வாக்கியம் எதிர்மறையாகத் தெரிந்தாலும் இதற்கு மேல் உடன்பட முடியாத அளவுக்கு உடன்படுகிறேன் என்பது பொருள். மோர் இல்லாமல் ‘ஐ கான்ட் அக்ரீ வித் தட்’ என்றால்தான் மறுப்பு. அதே போல ‘அக்ரீ டு டிஸ்அக்ரீ’ என்ற தொடரும் உண்டு: கருத்து வேறுபாடு அப்படியே இருக்கட்டும், சண்டை வேண்டாம் என்பதற்கு மட்டும் சம்மதிப்பது. ஆங்கிலேய மதபோதகர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு 1770ல் இறந்தபோது இன்னொரு மதபோதகரான ஜான் வெஸ்லி ஆற்றிய இரங்கல் உரையிலேயே இந்தத் தொடர் வருகிறது. இருவரும் மதக் கோட்பாட்டில் கடைசிவரை ஒத்துப்போகாத நண்பர்கள் என்பதால் அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

மற்ற வினைகளில் இதே தடுமாற்றம் வந்தால் கற்பவர்களுக்கான அகராதியைத் திறங்கள், சாதாரண ஆங்கிலத் தமிழ் அகராதி இதற்குப் போதாது. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் உருவாகி 1942ல் அங்கே வெளிவந்த அகராதிதான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியாக வளர்ந்தது. எந்த வினைக்குப் பின் எந்த அமைப்பு வரும் என்று வகைப்படுத்திக் காட்டியது அதன் பெரிய பலம். உதாரணமாக அப்ரூவ் என்ற வினையைப் பாருங்கள். ‘அப்ரூவ் ஆஃப் த பிளான்’ என்றால் பிடித்திருக்கிறது, ஆஃப் இல்லாமல் ‘அப்ரூவ் த பிளான்’ என்றால் அதிகாரத்தோடு ஒப்புதல் தருவது. வித்துக்கும் டுவுக்கும் இடையே பார்த்த அதே பிளவுதான்.

மெயிலுக்கு வருவோம். திட்டம் பிடித்திருக்கிறது, முடிவு உங்கள் கையில் இல்லை என்றால் ‘வி அக்ரீ வித் த பிளான்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், அவசரத்தில் படிக்கிறவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடும். ‘வி சப்போர்ட் திஸ் பிளான் அண்ட் ஆர் வெயிட்டிங் ஃபார் ஃபைனல் அப்ரூவல்’ என்று நீட்டி எழுதுங்கள். முடிவு உங்கள் கையில் இருக்கிறது, கட்டுப்படவும் தயார் என்றால் ‘வி அக்ரீ டு த பிளான் அஸ் அட்டாச்ட்’ என்று எழுதி, எந்தப் பதிப்புக்குச் சம்மதிக்கிறீர்களோ அந்தக் கோப்பையும் அதே மெயிலில் இணைத்துவிடுங்கள்.